மதிலுக்கு இந்தப் பக்கம்: அண்ணாச்சி பதில்கள்

சிறைத்துறையில் நல அலுவலராக இருந்து ஓய்வுபெற்ற பாளையங்கோட்டை அண்ணாச்சி, சிறையில் இருப்பவர்களின் குடும்பத்தார் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஃபோன் பற்றியவை என்பதால் இந்த இதழ் முழுக்க அதுதான். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

*

கேள்வி: அண்ணாச்சி, என் மகனைப் போன வாரம் ஓர் அடிதடி வழக்கில் பிடித்துக்கொண்டு போனார்கள். ரிமாண்ட் ஆகிப் பாளையங்கோட்டை ஜெயிலில் இருக்கிறான் என்று வக்கீல் சொன்னார். ஜெயில் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். "இதில் எல்லாம் பேச முடியாது, வையுங்கள்" என்று வைத்துவிட்டார்கள். அவன் குரலை ஒரு தடவை கேட்க நான் யாரிடம் போய் நிற்க வேண்டும்?
– ஒரு தாய், களக்காடு

பதில்: தங்கச்சி, ஃபோனை எடுத்தவர் சொன்ன செய்தி சரி. சொன்ன விதம் சரியில்லை. வெளியிலிருந்து கூப்பிட்டு, உள்ளே இருப்பவரை லைனுக்கு வரவழைக்கும் ஏற்பாடு நம் சிறைகளில் கிடையாது. அழைப்பு உள்ளேயிருந்து வெளியேதான் வரும். உங்கள் மகன்தான் கூப்பிட வேண்டும், நீங்கள் எடுக்க வேண்டும். இது தெரியாமல் சிறை வாசலில் நிற்கும் காவலரிடம் "ஒரு நிமிடம் பேச விடுங்கள் ஐயா" என்று கெஞ்சும் தாய்மாரை நான் பணியில் இருந்த காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். அந்தக் காவலர் நினைத்தாலும் முடியாது.

சரி, அவன் ஏன் இன்னும் கூப்பிடவில்லை? பெரும்பாலும் காரணம் இதுதான்: அவனுக்கு உங்கள் நம்பர் தெரியாது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் யாருடைய எண்ணையும் மனப்பாடம் செய்து வைத்திருப்பதில்லை. செல்ஃபோனில் "அம்மா" என்று இருக்கும், செல்ஃபோன் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கும். உள்ளே போனவன், "எந்த எண்ணுக்குப் பேச வேண்டும், எழுதிக் கொடு" என்று கேட்கும்போது விழிப்பான். ஆகவே உங்கள் முதல் வேலை அந்த எண்ணை அவன் கையில் சேர்ப்பது.

அதற்கு நேரில் போய் மனு பார்ப்பதுதான் நல்ல வழி. சிறையில் இருப்பவரை நேரில் சந்திப்பதைத்தான் மனு என்பார்கள். உங்கள் ஆதார் அட்டையும் நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். அவன் பெயர், தகப்பனார் பெயர், எந்த ஸ்டேஷன் வழக்கு, என்றைக்கு ரிமாண்ட் ஆனது என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஒரே பெயரில் உள்ளே பலர் இருப்பார்கள். நம் பக்கத்தில் இசக்கிமுத்துகளுக்கும் மாரியப்பன்களுக்கும் பஞ்சமா? வீட்டில் இணையம் தெரிந்த பிள்ளை இருந்தால் மத்திய அரசின் இ-பிரிசன்ஸ் தளத்தில் 'இ-முலாகாத்' என்ற பகுதியில் முன்கூட்டியே பதிவு செய்யலாம். பார்க்க வருபவரின் பெயர், வயது, விலாசம், அடையாள அட்டை எண், செல்ஃபோன் எண், உள்ளே இருப்பவரின் பெயர், எந்தச் சிறை, என்ன உறவு என்று கேட்கும். பதிவு எண் ஒன்று வரும். அதைக் குறித்துக்கொண்டு போங்கள்.

மனுவில் அழுவதற்கு முன்னால் நம்பரைச் சொல்லிவிடுங்கள். இதைக் கல்மனதோடு சொல்வதாக நினைக்க வேண்டாம். நேரம் போவது தெரியாது, வெளியே வந்த பிறகுதான் "ஐயோ, நம்பரைச் சொல்லவில்லையே" என்று நினைவு வரும். கூட்டம் உள்ள நாளில் நேர்காணல் அறையில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே காதில் விழும், உங்கள் பேச்சு விழாது. இரண்டிரண்டு எண்ணாகச் சொல்லி, அவனைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். போக முடியாவிட்டால் ஓர் இன்லண்ட் கடிதம் போதும். அவன் பெயர், தகப்பனார் பெயர், விசாரணைவாசி, மத்திய சிறை, பாளையங்கோட்டை, திருநெல்வேலி 627002 என்று விலாசம் எழுதி, உள்ளே எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். மறைக்க ஒன்றுமில்லையே.

அதன் பிறகு அவன் அந்த எண், உங்கள் பெயர், உறவு எல்லாம் எழுதி அதிகாரியிடம் விண்ணப்பம் கொடுப்பான். எண் உண்மையில் உங்களுடையதுதானா என்று சரிபார்ப்பார்கள். அதற்குச் சில நாள் பிடிக்கும். அழைப்புக்கு ஆகும் கட்டணம் சிறையில் அவன் பெயரில் இருக்கும் பணத்திலிருந்து போகும் என்பதால், மனுவுக்குப் போகும்போதே அங்கே விசாரித்து அவன் கணக்கில் கொஞ்சம் பணம் கட்டிவிட்டு வாருங்கள். 2023இல் தமிழ்நாட்டு அரசு கொண்டுவந்த மாற்றத்தின்படி மாதத்துக்குப் பத்து அழைப்புகள், ஒவ்வொன்றும் 12 நிமிடம் வரை. மூன்று நாளைக்கு ஒரு முறை என்று வீட்டில் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரிமாண்ட் என்றாலே பாளையங்கோட்டை என்று நினைத்துப் பஸ் ஏறிவிடாதீர்கள். ஸ்ரீவைகுண்டம் போன்ற கிளைச் சிறைகளிலும் வைப்பார்கள். தூத்துக்குடிப் பக்கத்து வழக்கு என்றால் பேரூரணியாக இருக்கலாம். பெண் என்றால் கொக்கிரகுளத்தில் விசாரியுங்கள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையைச் சிறையில் வைக்கவே கூடாது, கூர்நோக்கு இல்லத்தில்தான் இருப்பான். கைது செய்தவுடன் எங்கே வைத்திருக்கிறோம் என்பதை உறவினர் ஒருவருக்குச் சொல்ல வேண்டியது போலீஸின் கடமை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 50ஏ என்று இருந்தது, 2024 ஜூலைக்குப் பிறகு புதிய சட்டத்தில் 48ஆவது பிரிவு. ஸ்டேஷனில் பிரிவு எண்ணைச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள். பதில் வரும் வேகத்தில் வித்தியாசம் தெரியும்.

*

கேள்வி: என் தம்பி தண்டனைவாசி. நம்பர் ஒப்புதலாகி ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தான். சில வாரங்களாக அழைப்பே இல்லை. அவனை அடித்துத் தனியறையில் போட்டிருப்பார்களோ என்று உம்மா சாப்பிடாமல் கிடக்கிறார்கள். என்ன செய்வது அண்ணாச்சி?
– மேலப்பாளையம்

பதில்: உம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அந்த நம்பர் உள்ள செல்ஃபோனை எடுத்துப் பாருங்கள் தம்பி. ரீசார்ஜ் கெடு முடிந்து பல நாள் ஆகியிருந்தால் உள்வரும் அழைப்பும் நின்றுபோகும். முன்பெல்லாம் பத்து ரூபாய் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் அழைப்பு வாங்கலாம். இப்போது அந்தக் கதை இல்லை. வீட்டில் எல்லாரும் வேறு எண்ணுக்கு மாறிவிட்டு, பதிவு செய்த பழைய சிம்மைப் பீரோவில் போட்டு வைத்திருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அடுத்து, தெரியாத எண்களைத் தானாகத் தடுக்கும் செயலி. பேரப்பிள்ளைகள் யாராவது பெரியவர்களின் ஃபோனில் அதைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். சிறையிலிருந்து வரும் எண் உங்கள் ஃபோனில் பதிந்திருக்காது. கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்புகளோடு அதையும் சேர்த்துச் செயலி வாயை மூடிவிடும். அமைப்பில் போய் அதை நிறுத்துங்கள். தடுக்கப்பட்ட எண்களின் பட்டியலையும் பாருங்கள். நீங்களே ஏதோ கோபத்தில் தடுத்த எண் அதுவாகக்கூட இருக்கலாம்.

பகலில் ஃபோன் யாரிடம் இருக்கிறது என்பதும் முக்கியம். சிறையில் சாயங்காலம் லாக்கப் அடைத்த பிறகு அழைப்பு வராது. பகலில்தான் வரும். அந்த ஃபோன் பகல் முழுவதும் வேலைக்குப் போகும் மகனின் சட்டைப் பையில் இருந்தால் உம்மா எப்படிப் பேசுவார்கள்? பேச வேண்டியவர் வீட்டில் இருப்பவர் என்றால் அவர் பெயரில் ஒரு சிம், பட்டன் ஃபோன் ஒன்று, அதை வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு. சிம் வேறு யார் பெயரிலாவது இருந்தால் சரிபார்க்கும்போது சிக்கல் வரும். உறவுக்காரர் பெயரிலேயே வாங்கிவிடுங்கள். பாபநாசம், மணிமுத்தாறு என்று மலையடிவாரத்தில் இருப்பவர்கள் வீட்டுக்குள் எந்த மூலையில் சிக்னல் நிற்கிறது என்று பார்த்து ஃபோனை அங்கேயே வைக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருக்கிறதென்றால், காரணம் உள்ளே. அவன் கணக்கில் பணம் தீர்ந்திருக்கலாம். உடம்புக்கு முடியாமல் ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கலாம். வேறு சிறைக்கு மாற்றியிருக்கலாம். உள்ளே ஏதோ ஒழுங்கு மீறல் என்று ஃபோன் சலுகையை நிறுத்தி வைத்திருக்கவும் கூடும். ஊகம் செய்துகொண்டிருக்காமல் மனுவுக்குப் போங்கள். மனுவும் மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்டுச் சிறைக் கண்காணிப்பாளருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு விண்ணப்பம், அதன் நகல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு. காவலில் இருக்கும் எவருக்கும், சொத்து வருமானம் எதுவும் பாராமல், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அடித்திருப்பார்கள் என்று சந்தேகம் உறுதிப்பட்டால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், ஜெயில் வாசலில் சத்தம் போடுவதிலிருந்து அல்ல.

*

கேள்வி: நான் பீடி சுற்றிப் பிழைக்கிறேன். வீட்டுக்காரர் தண்டனைக் கைதி. அவர் கூப்பிட்டால் பன்னிரண்டு நிமிடமும் வக்கீல், அப்பீல், அவருடைய அண்ணன் செய்த துரோகம் இவைதான். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பாள். அவள் "அப்பா" என்று வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விடும். அவரிடம் இதைச் சொன்னால் கோபப்படுகிறார்.
– ஆலங்குளம்

பதில்: நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன். அவர் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். மூன்று நாளாக மனத்தில் உருட்டிக்கொண்டிருந்ததைக் கொட்ட அவருக்குக் கிடைக்கும் ஆள் நீங்கள் ஒருவர்தான். பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்பார்கள், அருகில் காவலர் இருப்பார். அந்த நெருக்கடியில் மனிதனுக்கு வழக்கைத் தவிர வேறு எதுவும் வாயில் வராது. அவர் மகளை மறந்துவிடவில்லை. மகளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் வழக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது என் எண்ணம். பல ஆண்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். நல்ல தகப்பன்மார்தான்.

ஃபோனை நீங்கள் எடுக்காதீர்கள். மகள் எடுக்கட்டும். முதல் நான்கு நிமிடம் அவளுடையது என்று வைத்துவிடுங்கள். இதை ஃபோனில் அறிவித்தால் அதற்கே சண்டை வந்து பன்னிரண்டும் போய்விடும். முன்னதாகக் கடிதத்தில் எழுதுங்கள், அல்லது மனுவில் சொல்லுங்கள். அவளுக்கும் தகப்பனிடம் கேட்க ஒரு கேள்வியைத் தயாராக்கிக் கொடுங்கள். "நல்லா இருக்கியா, சாப்பிட்டியா" என்பதோடு பேச்சு செத்துப்போகும். "அப்பா, இந்தக் கணக்கு வரவில்லை" என்று அவள் கேட்டால் அவர் அடுத்த அழைப்பு வரைக்கும் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார். உள்ளே இருப்பவருக்கு ஒரு வேலை கொடுப்பது பெரிய உதவி.

வழக்கு விவகாரம் ஃபோனுக்கு உரியதே அல்ல. அந்த அழைப்பைக் கேட்க ஆள் உண்டு, பதிவும் ஆகும். எந்தச் சாட்சி என்ன சொல்வார், யாரைப் பார்த்துப் பேசினோம் என்பதையெல்லாம் அதில் அளந்துகொண்டிருப்பது அவருக்கே கேடு. "வக்கீல் நேரில் வந்து பார்ப்பார், அவரிடம் சொல்லுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள். வக்கீல் வரவே இல்லையென்றால் கோபம் நியாயமானது. அப்போது அந்த வக்கீலின் அலுவலகத்துக்குப் போக வேண்டியது நீங்கள்.

உள்ளே இருப்பவர்கள் உண்மையில் எதைக் கேட்க ஏங்குகிறார்கள் தெரியுமா? ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் "எங்கள் ஊர்க் குளம் பெருகிவிட்டதா சார்" என்று என்னிடம் வந்து கேட்பார்கள். எனக்கு எப்படித் தெரியும்? கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்தாயிற்றா, ஆடு எத்தனை குட்டி போட்டது, கோயில் கொடையில் யார் சாமியாடினார்கள், பீடிக் கடையில் இந்த வாரம் எத்தனை கட்டு கழித்தார்கள். இப்படிப் பேசுங்கள். ஊர் அப்படியே இருக்கிறது, தனக்கு அங்கே இடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

இன்னும் இரண்டு. கெட்ட செய்தி ஏதும் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், பதினோராவது நிமிடத்தில் அவிழ்க்காதீர்கள். "ஒரு விஷயம் இருக்கிறது, நேரில் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். நீங்கள் சொல்ல வந்தது மிக்ஸி பழுதானதாக இருக்கும். அவர் மூன்று இரவும் உங்களையும் மகளையும் பிணமாகப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

*

கேள்வி: குற்றம் செய்தவனுக்கு ஜெயிலில் ஃபோன், வீடியோ கால் எல்லாம் எதற்கு? எங்கள் வரிப்பணத்தில் விருந்தா? இந்தப் பகுதியை வெளியிடும் பத்திரிகை வெட்கப்பட வேண்டும்.
– வண்ணார்பேட்டை

பதில்: வரிப்பணக் கவலை வேண்டாம். கட்டணம் அவர்கள் பணம் என்று மேலே எழுதியிருக்கிறேன். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைவாசிகள். குற்றம் செய்தார்களா என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. சொன்ன பிறகும்கூட, குடும்பத்தையும் வக்கீலையும் பார்த்துப் பேசுவது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடக்கம் என்று 1981இல் பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது தடுப்புக் காவலில் இருந்த ஒரு பெண்மணியின் வழக்கு. மதிலுக்குள்ளே போகிறவர்கள் எல்லாரும் ஒரே ரகம் என்று நினைப்பதும் வேண்டாம். இதே பாளையங்கோட்டையில் 1908இல் வ.உ.சி. இருந்தார். 1965இல் கருணாநிதி இருந்தார், அண்ணா வந்து பார்த்துவிட்டுப் போனார்.

உங்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அடிபட்டவர் குடும்பத்தை உள்ளே இருந்து கூப்பிட்டு மிரட்டினால் என்ன ஆவது என்ற பயம் பொய்யான பயமல்ல. எண்ணைச் சரிபார்ப்பதும் பேச்சைக் கேட்பதும் அதற்காகத்தான். அப்படி யாருக்காவது அழைப்பு வந்தால் நாள், நேரம், வந்த எண் மூன்றையும் குறித்து, உள்ளூர் ஸ்டேஷனிலும் சிறைக் கண்காணிப்பாளரிடமும் எழுதிக் கொடுங்கள். முறையான ஃபோன் இல்லாத சிறையில்தான் திருட்டு செல்ஃபோனுக்கு விலை ஏறும். அதில் யார் யாரை மிரட்டினார்கள் என்று எவருக்கும் தெரியாது.

*

கேள்வி: பணம் கொடுத்தால் தினமும் ராத்திரி அவனே கூப்பிடுகிற மாதிரி ஏற்பாடு செய்கிறேன் என்று ஒருவர் சொல்கிறார். தெரிந்தவர்தான். கொடுக்கலாமா?
– தென்காசி

பதில்: கொடுக்காதீர்கள். ராத்திரி அழைப்பு என்றாலே அது திருட்டு செல்ஃபோன். பிடிபட்டால் உங்கள் பையன் மேல் இன்னொரு வழக்கு, மனு நிற்கும், ஃபோன் நிற்கும், தண்டனைவாசி என்றால் தண்டனையில் குறைத்துத் தரும் கழிவு நாட்கள் போகும். ஏற்பாடு செய்தவர் டீக்கடையில் உட்கார்ந்து தினத்தந்தி படித்துக்கொண்டிருப்பார். இன்னொன்றும் புதிதாகக் கிளம்பியிருக்கிறது. "ஜெயிலிலிருந்து பேசுகிறேன், உங்கள் மகனுக்கு நெஞ்சுவலி, உடனே இந்த எண்ணுக்குப் பணம் போடுங்கள்" என்று ஒரு குரல் வரும். சிறை நிர்வாகம் யாருடைய சொந்த எண்ணுக்கும் பணம் கேட்காது. போட்டுத் தொலைத்திருந்தால் உடனே 1930க்குப் புகார் சொல்லுங்கள். தாமதித்தால் பணம் கிடைக்காது.

*

கேள்வி: என் அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. விசாரணைக் கைதியாக இருக்கிறான். எல்லாருக்கும் ஃபோன் இருக்கிறது, அவன் ஃபோனை வைத்து என்ன செய்வான்?
– நாங்குநேரி

பதில்: வீடியோ அழைப்பு கேளுங்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் மனு நிறுத்தப்பட்டபோதே செல்ஃபோனில் வீடியோ வழியாகக் குடும்பத்தாரைக் காட்டும் வழக்கம் நம் சிறைகளில் வந்துவிட்டது. இப்போதைய ஏற்பாட்டிலும் அது உண்டு. சிறைக் கண்காணிப்பாளருக்கு, அண்ணனால் குரல் அழைப்பைப் பயன்படுத்த முடியாது, சைகையில்தான் பேசுவான், ஆகவே அவனுடைய அழைப்புகள் எல்லாம் வீடியோவாக வேண்டும் என்று எழுதுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலைச் சேருங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் குறிப்பிடுங்கள். 2025இல் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கொன்றில், மாற்றுத்திறனாளிச் சிறைவாசிகளுக்கு உரிய வசதி செய்துதர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அதையும் ஒரு வரி எழுதலாம். சைகையைப் பார்த்து அதிகாரிகளுக்குச் சந்தேகம் வரும், என்ன பேசுகிறார்கள் என்று புரியாதே. காதுகேளாதோர் பள்ளி ஆசிரியர் யாராவது மொழிபெயர்க்க முன்வந்தால் அவர் பெயரையும் விண்ணப்பத்தில் சேர்த்தால் தயக்கம் குறையும்.

அழைப்பு வரும்போது ஃபோனைக் கையில் பிடிக்காதீர்கள், இரண்டு கையும் வேண்டும். ஒரு செம்பின் மேல் சாய்த்து வைத்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். பின்னால் சன்னல் இருந்தால் அவனுக்குக் கருப்பு உருவம்தான் தெரியும். வேகமாகச் சைகை செய்தால் படம் விட்டுவிட்டு வரும். மெதுவாக.

*

கேள்வி: மச்சான் வளைகுடா நாடு ஒன்றில் மீன்பிடி வேலைக்குப் போனவர், எல்லை தாண்டியதாகச் சொல்லி அங்கே ஜெயிலில் இருக்கிறார். அக்கா பேச வேண்டும் என்கிறாள். இங்கிருந்து என்ன செய்ய முடியும்?
– உவரி

பதில்: அங்கே உள்ள சிறையின் விதிதான் செல்லும். ஆனால் தூதரகத்தின் வழியாகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி கைதான இந்தியர் நம் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கலாம், தூதரக அதிகாரி போய்ப் பார்க்கலாம். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் புகார் பதியுங்கள். பாஸ்போர்ட் எண், படகு முதலாளியின் பெயர், பிடிபட்ட நாள், கடைசியாகப் பேசிய எண் எல்லாம் வேண்டும். பாஸ்போர்ட் நகல் வீட்டில் இல்லையென்றால் அனுப்பிய ஏஜென்டிடம் இருக்கும், பிடித்து வாங்குங்கள். அதே புகாரின் நகலைத் திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர் நாளில் கொடுங்கள், வெளிநாடுவாழ் தமிழர் நலத்துறைக்கும் ஒன்று. பங்குத் தந்தையும் மீனவர் சங்கமும் சேர்ந்து கையெழுத்திட்டால் கனம் கூடும்.

அழைப்பு வந்தால் வெளிநாட்டு எண்ணாக, தாறுமாறான நேரத்தில் வரும். சவுதி, குவைத், கத்தார் எல்லாம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், அமீரகம் ஒன்றரை மணி நேரம். அக்கா ஃபோனை அருகிலேயே வைத்துக்கொண்டு தூங்கட்டும். பிறகு தண்டனை விதிக்கப்பட்டால், மீதியை இந்தியச் சிறையில் கழிக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. இந்த நாடுகளோடு அதற்கான ஒப்பந்தமும் இருக்கிறது. அப்படி வந்தால் மாதம் பத்து அழைப்பு. அது பின்னால் பார்க்க வேண்டிய காரியம்.

*

கேள்வி: மாமனார் ஆஸ்பத்திரியில் கடைசி நிலையில் இருக்கிறார். வீட்டுக்காரர் அடுத்துக் கூப்பிட இரண்டு நாள் ஆகும். அதுவரை காத்திருப்பதா?
– அம்பாசமுத்திரம்

பதில்: வேண்டாம். இந்த ஒரு சந்தர்ப்பத்தில் நீங்கள் சிறைக்கு ஃபோன் செய்யலாம். அவரோடு பேச அல்ல, தகவல் சொல்ல. கண்காணிப்பாளர் அலுவலகத்தில் அவர் பெயர், சிறை எண், யாருக்கு என்ன ஆயிற்று, எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று சொல்லுங்கள். நல அலுவலர் அவரைக் கூப்பிட்டுச் சொல்வார், பேச வைக்கவும் முயல்வார். நான் இருந்த காலத்தில் இதை எத்தனை அவசர வேலை இருந்தாலும் தள்ளிப் போட்டதில்லை.

கூடவே ஒருவர் டாக்டரின் சான்றோடு நேரில் போங்கள். தண்டனைவாசி என்றால் 1982ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்த விதிகளின்படி அவசரகால விடுப்பு கேட்கலாம். விசாரணைவாசிக்கு அந்த விதி கிடையாது, வக்கீல் நீதிமன்றத்தில் இடைக்கால ஜாமீனோ, காவலோடு வந்து பார்த்துப் போக அனுமதியோ கேட்க வேண்டும். விசாரிக்க உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும்போது வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். எல்லாரும் ஆஸ்பத்திரியில் இருந்து, பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுப் போன ஏட்டய்யாவால் விடுப்பு தாமதமானது உண்டு.

*

கேள்வி: ஏழு வயதுப் பையனிடம் வாப்பா சவுதியில் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறோம். ஃபோன் வந்தால் பேசுகிறான். இப்போது "வாப்பா ஏன் வாட்ஸ்அப்பில் வருவதில்லை, பக்கத்து வீட்டு மாமா வருகிறாரே" என்று கேட்கிறான். என்ன சொல்வது?
– கடையநல்லூர்

பதில்: உண்மையைச் சொல்லுங்கள். தெருவில் பாதி வீட்டில் ஆள் வளைகுடாவில் இருக்கும் ஊரில் இந்தப் பொய் சுலபம் என்று தோன்றியிருக்கும். அதே காரணத்தால்தான் அது நிற்காது. சவுதி போனவர் எப்படிப் பேசுவார், பெருநாளைக்கு என்ன அனுப்புவார் என்று அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். மதரஸாவிலோ விளையாடும் இடத்திலோ ஒரு பையன் போட்டு உடைப்பதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுவது நல்லது. வழக்கின் விவரமெல்லாம் வேண்டாம். "வாப்பா பாளையங்கோட்டையில் இருக்கிறார், அங்கிருந்து வெளியே வர நீதிபதி சொல்ல வேண்டும், அதுவரை மூன்று நாளைக்கு ஒரு தடவை பேசலாம்" என்ற அளவு போதும். நன்னாவோ நன்னியோ (தாத்தா, பாட்டி) உட்கார்ந்து சொல்வதைவிட நீங்களே சொல்லுங்கள். சொல்வதற்கு முந்தைய அழைப்பில் வீட்டுக்காரரிடம் தெரிவித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் உள்ளேயிருந்து சவுதி வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

பிறகு அவனை ஒரு முறை மனுவுக்குக் கூட்டிப் போங்கள். பள்ளி விடுமுறை நாளில் கூட்டம் அதிகம் இருக்கும். வேலை நாளில் அரை நாள் விடுப்பு எடுத்துக் காலையிலேயே போய்விடுங்கள். பையனுடைய ஆதார் நகலை மறக்க வேண்டாம்.